பறித்தால் போதாது, உட்கார வேண்டும்

‘யூசர்ப்’ என்றொரு ஆங்கில வினைச்சொல். யு, எஸ், யு, ஆர், பி என்று ஐந்தே எழுத்து. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், செய்தி மொழிபெயர்ப்பவர்கள், வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் என்று பலரும் இதைப் பற்றியே கேட்டிருப்பதால் இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுக்க இதற்கே.

கேள்வி: அகராதியில் ‘யூசர்ப்’ என்றால் ‘அபகரி’ என்று இருக்கிறது. பேருந்தில் ஒருவன் சங்கிலியை அபகரித்தான் என்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டு வாக்கியம் எழுதினேன். பயிற்சி வகுப்பில் தவறு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?
(வங்கித் தேர்வு எழுதும் வாசகர், மதுரை)

அடித்தது சரிதான். சங்கிலியைப் பிடுங்கினால் அது பறிப்பு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்நாட்ச்’ இருக்கிறது. ‘யூசர்ப்’ கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருளோடு சேராது. அரியணை, பதவி, அதிகாரம், உரிமை, பட்டம், பொறுப்பு, ஒருவருக்குரிய இடம், இவைதான் அதற்குச் செயப்படுபொருளாக வரும்.

இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். அந்த இடம் சட்டப்படியோ மரபுப்படியோ வேறொருவருக்கு உரியதா? எடுத்தவருக்கு அந்த உரிமை இல்லையா? இந்த இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுவார்கள்: எடுத்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்து, அதைத் தன்னுடையது போலவே நடத்துகிறாரா? அரசனைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் ஓடியவன் கொலைகாரன். கொன்றுவிட்டு முடிசூட்டிக்கொண்டவன்தான் ‘யூசர்ப்பர்’. பறித்தால் மட்டும் போதாது, உட்காரவும் வேண்டும்.

வன்முறை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1483-ல் இங்கிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஐந்தாம் எட்வர்டு மன்னன். அவனுக்குக் காப்பாளராக இருந்த சித்தப்பா ரிச்சர்டு, சிறுவனின் பெற்றோர் திருமணமே செல்லாது, ஆகவே அவனுக்கு வாரிசுரிமை இல்லை என்று அறிவிக்க வைத்தார். அதே ஆண்டு ஜூலை 6 அன்று தானே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூட்டிக்கொண்டார். வழியில் சில தலைகள் உருண்டன, ஆனால் போர்க்களம் எதுவும் இல்லை. சட்டப் பூச்சோடு நடந்த வேலை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம்.

நம்மிடம் ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதில் வரும் மடம் பிடுங்குகிற வேலைதான் ‘யூசர்ப்’. திண்ணையில் படுக்க இடம் கேட்டு வந்தவன் நாளடைவில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வருகிறவர்களை ‘யார் நீ’ என்று கேட்கிறான் பாருங்கள், அந்தக் கட்டம்.

தேர்வில் கோடிட்ட இடத்தில் இதைப் போடலாமா என்று தெரிய, கோட்டுக்கு வலப்பக்கம் பாருங்கள். த்ரோன், பவர், அதாரிட்டி, ரோல், ஃபங்ஷன், ஜூரிஸ்டிக்ஷன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் வாய்ப்பு அதிகம். பணம், நகை, வண்டி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இதை ‘உசர்ப்’ என்பதா, ‘யூசர்ப்’ என்பதா? ‘யூசுரி’ என்றால் கந்துவட்டி என்கிறார்கள். இரண்டுக்கும் உறவு உண்டா?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கரூர்)

‘யூ’ என்றுதான் தொடங்க வேண்டும். ‘உசுர்ப்’ என்று படிப்பவர்கள் உண்டு; கேட்கிற நமக்குத்தான் உசுரு போகும். அழுத்தம் இரண்டாவது அசையில், ‘சர்ப்’ மேல் விழும். நடுவில் இருக்கும் எஸ் எழுத்தைச் சாதாரண ஸகரமாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தேனீ ரீங்கரிப்பது போல அதிரவிட்டுச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் செல்லும். பெயர்ச்சொல்லான ‘யூசர்பேஷன்’ வரும்போது அழுத்தம் ‘பே’க்கு நகர்ந்துவிடும்.

வட்டியோடு உறவு உண்டு, ஆனால் ஒன்றுவிட்ட உறவு. லத்தீனில் ‘ஊசுஸ்’ என்றால் பயன்பாடு. ‘யூஸ்’ என்ற அன்றாடச் சொல்லும் அந்த வேரில் வந்ததுதான். பணத்தைப் பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் விலை ‘யூசுரி’ ஆனது. ‘ஊசுஸ்’ஸோடு பறித்தல் என்று பொருள்படும் ‘ராபெரே’ சேர்ந்து ‘ஊசுர்பாரே’ ஆனது. பயன்படுத்துவதற்காகக் கைப்பற்றுதல் என்று அதைப் பிரிக்கலாம். பிறகு பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. உட்கார்ந்து அனுபவிப்பது என்ற மூன்றாவது நிபந்தனை வேரிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

ரோமச் சட்டத்தில் ‘ஊசுர்பாத்தியோ’ கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்தது ஒரு வேடிக்கை. அங்கே ஒரு நிலத்தை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால் அது அனுபவிப்பவருக்கே சொந்தமாகும். மற்ற பொருள்களுக்கு ஓராண்டு. அந்தத் தொடர்ச்சியை அறுப்பதற்குத்தான் ‘ஊசுர்பாத்தியோ’ என்று பெயர். திருமணத்திலும் இது இருந்தது. ஓராண்டு முழுக்கக் கணவன் வீட்டில் இருந்தால் மனைவி அவனுடைய அதிகாரத்துக்குள் வந்துவிடுவாள். அதைத் தவிர்க்க விரும்பிய பெண் ஆண்டுக்கு மூன்று இரவு வெளியே தங்கினால் போதும், கணக்கு அறுந்துவிடும். பன்னிரண்டு பலகைகள் எனப்படும் பழைய ரோமச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு இது. அதாவது ஒருத்தி தன் உரிமையைக் காத்துக்கொள்ளச் செய்த காரியத்தின் பெயர், பிற்காலத்தில் உரிமையைப் பறிப்பதற்குப் பெயராகிவிட்டது.

கேள்வி: விஜயநகர வரலாற்றில் ‘முதல் யூசர்பேஷன்’, ‘இரண்டாம் யூசர்பேஷன்’ என்று ஆங்கில நூல்களில் வருகிறது. ஹைதர் அலியையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். ராஜராஜ சோழன் இலங்கையைப் பிடித்ததை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. நம்மவர் என்பதால் விட்டுவிட்டார்களா?
(வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

சலுகை எதுவும் இல்லை. வெளியிலிருந்து படையெடுத்து ஒரு நாட்டைப் பிடித்தால் அது ‘கான்க்வெஸ்ட்’, வெற்றிகொள்ளல். வீட்டுக்குள் இருப்பவனே வீட்டுக்காரன் ஆகிவிட்டால் ‘யூசர்பேஷன்’. தளபதி, அமைச்சர், ஆளுநர், காப்பாளர், தம்பி, இப்படி அந்த அரசுக்குக் கட்டுப்பட்டிருந்த ஒருவர் செய்தால்தான் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். ராஜராஜன் அநுராதபுரத்து அரசுக்குக் கட்டுப்பட்டவர் இல்லையே. அதே இலங்கையில் 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனனைக் கொன்று அரசேறிய காசியப்பன், சிகிரியாவைக் கட்டியவன், யூசர்ப்பர்தான். தாதுசேனனின் மகன் என்றாலும் அரச குலத்துத் தாய்க்குப் பிறந்தவன் இல்லை. வாரிசுரிமை இருந்த மற்றொரு மகன் மொக்கல்லானன் இந்தியாவுக்குத் தப்பி ஓடிப் பிறகு படையோடு திரும்பினான். அதேபோல, பொது ஆண்டுக்கு முன் 185 வாக்கில் கடைசி மௌரியனான பிருகத்ரதனைக் கொன்று அரசேறிய புஷ்யமித்திரன் அந்த மன்னனின் படைத்தளபதி.

விஜயநகரத்துக்கு வருவோம். 1485-ல் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டுச் சந்திரகிரியை ஆண்டுவந்த சாளுவ நரசிம்மன், சங்கம மரபின் கடைசி மன்னனை ஒதுக்கிவிட்டு அரியணையில் அமர்ந்தான். இது முதலாவது. அவன் 1491-ல் இறந்தபோது பிள்ளைகள் சிறுவர்கள். காப்பாளராகத் துளுவ நரச நாயக்கன் இருந்தான். அவனுக்குப் பின் அவன் மகன் வீரநரசிம்மன், 1505-ல் சாளுவ நரசிம்மனின் மகன் இம்மடி நரசிம்மன் பெனுகொண்டாவில் கொல்லப்பட்டதும் தானே முடிசூட்டிக்கொண்டான். இது இரண்டாவது. வீரநரசிம்மனின் தம்பிதான் 1509-ல் பட்டத்துக்கு வந்த கிருஷ்ணதேவராயர். அவரை யாரும் யூசர்ப்பர் என்று எழுதுவதில்லை. காரணம் எளிது: அவர் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, அண்ணனிடமிருந்து வந்தது. இந்தச் சொல் செய்தவனோடு நின்றுவிடும். வாரிசின் பெயரோடு அதை ஒட்ட வேண்டுமானால் ‘யூசர்ப்பிங் டைனஸ்டி’ என்று மரபு முழுவதையும் குறித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹைதர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வகுப்பில் சொல்லத் தகுந்தது. 1761-ல் மைசூரின் அதிகாரம் முழுவதும் ஹைதர் கைக்கு வந்தது. ஆனால் உடையார் மன்னர் அரியணையிலேயே இருந்தார், பெயருக்கு. ஆகவே ‘யூசர்ப்ட் பவர்’ என்று எழுதலாம், ‘யூசர்ப்ட் த த்ரோன்’ என்று எழுதினால் தவறு. விஜயநகரத்தில் சதாசிவராயரைப் பொம்மையாக வைத்துக்கொண்டு 1565 தலைக்கோட்டைப் போர் வரை ஆண்ட ராமராயரும் இதே ரகம். அதிகாரமும் அரியணையும் வேறு வேறு செயப்படுபொருள்கள். வாக்கியம் எழுதும்போது எது போனது என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைதருக்கு முன்பே மைசூரில் உடையாரை ஒதுக்கிவைத்துவிட்டுத் தளவாய்கள்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள். அப்படியானால் ஹைதர் யாருடைய அதிகாரத்தை எடுத்தார்? இந்தக் கேள்வியை ஆங்கிலேயர் கிளறவில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு உடையார் குலத்தின் ஐந்து வயதுக் குழந்தையைப் பட்டத்தில் அமர்த்திய கம்பெனிக்கு, ஹைதரும் திப்புவும் யூசர்ப்பர்களாக இருப்பது வசதியாக இருந்தது. உரியவருக்கே திருப்பித் தந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? இந்தச் சொல்லைப் பார்த்தால் யாரைச் சொல்கிறார்கள் என்பதோடு, யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கு இங்கிலாந்திலேயே ஒரு கூர்மையான சான்று கிடைக்கிறது. மேலே சொன்ன மூன்றாம் ரிச்சர்டை 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போரில் கொன்று ஏழாம் ஹென்றி அரசரானார். ஹென்றியின் வாரிசுரிமை மிக மெலிந்த நூல். அவர் கூட்டிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ரிச்சர்டை ‘மறைந்த கிளஸ்டர் பிரபு, யூசர்பேஷன் வழியே தன்னை மூன்றாம் ரிச்சர்டு மன்னர் என்று அழைத்துக்கொண்டவர்’ என்கிறது. போதாக்குறைக்கு ஹென்றி தன் ஆட்சி ஆகஸ்ட் 21 அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு வைத்தார். ஒரே ஒரு நாள் முன்னால். விளைவு? மறுநாள் ரிச்சர்டுக்காக வாளேந்தி நின்றவர்கள் எல்லோரும் ராஜத்துரோகிகள் ஆனார்கள், அவர்கள் சொத்து பறிமுதல்.

கேள்வி: யூசர்ப்பரும் டைரன்ட்டும் ஒன்றா?
(குடிமைப் பணித் தேர்வர், சேலம்)

முதலாமவர் வந்த வழி தவறு, இரண்டாமவர் ஆளும் விதம் தவறு. முறையாக முடிசூடியவனும் டைரன்ட் ஆகலாம். ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்று வள்ளுவர் சாடுவது அந்த முறையான கோலை ஏந்தியவனைத்தான். மறுபக்கம், யூசர்ப்பர் நல்லாட்சி தரவும் கூடும். பழைய கிரேக்கத்தில் ‘டைரன்ட்’ என்ற சொல்லே முறையல்லாத வழியில் ஆட்சிக்கு வந்தவரைத்தான் குறித்தது. ஏதென்ஸின் பைசிஸ்ட்ராடஸ் அப்படி வந்தவர், ஆட்சி மோசமில்லை என்று கிரேக்கர்களே எழுதியிருக்கிறார்கள். கொடுமை என்ற பொருள் பின்னால் ஏறியது. தேர்வில் ‘பிரிடெண்டர்’ என்ற சொல்லும் வரலாம்: அரியணை தனக்கே உரியது என்று கோருபவர், ஆனால் உட்காராதவர். உட்கார்ந்துவிட்டால் பெயர் மாறும்.

கேள்வி: ‘த கோர்ட் கேனாட் யூசர்ப் த ஃபங்ஷன்ஸ் ஆஃப் த லெஜிஸ்லேச்சர்’. தினம் ஒரு செய்தியிலாவது இது மாதிரி வந்துவிடுகிறது. ‘நீதிமன்றம் சட்டமன்றத்தின் செயல்பாடுகளை அபகரிக்க முடியாது’ என்று போட்டால் ஒரு மாதிரி இருக்கிறது. எப்படி எழுதுவது?
(நாளிதழ் உதவி ஆசிரியர், சென்னை)

அந்தத் தமிழ் வாக்கியத்தில் மூன்று இடத்தில் சிக்கல். ‘முடியாது’ என்றால் திறமை இல்லை என்று தொனிக்கிறது. சட்ட மொழியின் ‘கேனாட்’ பெரும்பாலும் ‘கூடாது’ அல்லது ‘அதிகாரம் இல்லை’. ‘செயல்பாடு’ என்பது ஒன்று எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லும். இங்கே வேண்டியது ‘பணி’. கடைசியாக, ‘அபகரி’.

தமிழ்ச் செய்தியில் ‘அபகரிப்பு’ என்றதும் வாசகர் மனத்தில் வருவது நிலம். 2011-ல் தமிழகக் காவல்துறையில் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் தொடங்கிய பிறகு அந்தச் சொல் பத்திரப் பதிவும் போலிக் கையெழுத்துமாகவே ஆகிவிட்டது. நீதிபதி சட்டமன்றத்தின் பணியை அபகரித்தார் என்றால் பட்டாவை மாற்றிக்கொண்டார் என்பது போல இருக்கும். அதனால்தான் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

நாங்கள் எழுதினால் இப்படி: ‘சட்டமன்றம் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது.’ ‘சட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வது’ என்ற தொடரை எல்லோரும் அறிவார்கள். அதிலேயே உரிமையின்மையும் இருக்கிறது, தானே நடத்துவதும் இருக்கிறது. தலைப்புக்கு நீளம் என்றால் ‘சட்டமன்றப் பணியில் நீதிமன்றம் புகக் கூடாது’. ‘புகுவது’ கொஞ்சம் மென்மை, ‘தலையிடுவது’ அதைவிட மென்மை. தலையிடுபவர் வெளியே நின்றுகொண்டே கை நீட்டுகிறார்; யூசர்ப் செய்பவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கடுமையான தீர்ப்பு வாசகத்தை ‘தலையிட்டது’ என்று மொழிபெயர்த்தால் நீதிபதி சொன்னதைவிடக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

செயப்படுபொருளுக்குத் தக்கபடி தமிழ் வினை மாற வேண்டும் என்பதுதான் நடைமுறை விதி. அரியணை என்றால் ‘உரிமையின்றி அரியணை ஏறினான்’. அதிகாரம் என்றால் ‘தன்வசமாக்கிக்கொண்டான்’. பட்டம் என்றால் ‘தானே சூட்டிக்கொண்டான்’. நீதிமன்ற ஆள்வரை, அதாவது ஜூரிஸ்டிக்ஷன், என்றால் ‘தனக்கில்லாத அதிகாரத்தைச் செலுத்தினார்’. தொலைக்காட்சியின் இடத்தைக் கைபேசி பிடித்தது என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை வரும். அங்கே ‘இடத்தைப் பிடித்துக்கொண்டது’ போதும், குற்றம் சாட்ட வேண்டிய அவசியமில்லை. பேச்சு வழக்கில் எழுதும் பத்தி என்றால் ‘நாட்டாமை’ கைகொடுக்கும். ‘யாரைக் கேட்டு இங்கே நாட்டாமை பண்றே?’ என்பதில் இந்த ஆங்கிலச் சொல்லின் முக்கால் பங்கு இருக்கிறது.

செயப்பாட்டு வினையைத் தவிருங்கள். ‘அரியணை அபகரிக்கப்பட்டது’ என்றால் யார் செய்தார் என்பது மறைகிறது. ‘ஆட்சி கைமாறியது’ என்றால் குற்றமே மறைந்துவிடுகிறது. அரசியல் செய்தியில் இந்த இரண்டாவது வகை வழுக்கல் அடிக்கடி நடக்கிறது, சில சமயம் வேண்டுமென்றே.

ஆங்கிலேயர்களுக்கும் இந்தத் தேர்வு வந்ததுண்டு. ரிச்சர்டு முடிசூடியபோது லண்டனில் இருந்த டொமினிக் மன்சினி என்ற இத்தாலியர் லத்தீனில் ஓர் அறிக்கை எழுதினார். தலைப்பில் அவர் போட்ட சொல் ‘ஒக்குபாத்தியோ’, கைப்பற்றல். 20-ஆம் நூற்றாண்டில் அதை ஆங்கிலத்தில் பதிப்பித்தபோது தலைப்பில் ‘யூசர்பேஷன்’ என்று வைத்தார்கள். கைப்பற்றினான் என்பதைவிட ஒரு படி மேலே போன தீர்ப்பு அது. மன்சினி எழுதியதை முழுக்கப் படித்தால் தப்பில்லை என்றே தோன்றும். ஆனால் தலைப்பிலேயே தீர்ப்பு வந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது.

கேள்வி: ‘கோ வாரண்டோ’ மனு பற்றிய தீர்ப்புகளில் ‘யூசர்ப்பர் ஆஃப் பப்ளிக் ஆஃபீஸ்’ என்று வருகிறது. தகுதியில்லாமல் பதவி பெற்ற எவர் மீதும் இந்த மனு போடலாமா?
(சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

நம் பாடநூல்கள் இதைத் தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை என்கின்றன. ‘எந்த ஆணையின் பேரில் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?’ என்பதே அந்த லத்தீன் தொடரின் சாரம். உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் போடுவதுதான் வழக்கம்.

எவர் மீதும் போட முடியாது. முதலில் அது பொதுப் பதவியாக இருக்க வேண்டும், அரசமைப்போ சட்டமோ உருவாக்கியதாக. தனியார் அறக்கட்டளை நடத்தும் பள்ளியின் நிர்வாகக் குழு உறுப்பினர் மீது போட்டால் நிற்காது. அடுத்து, அது நிலையான, தனித்த பதவியாக இருக்க வேண்டும். ஒருவர் விருப்பப்படி வைத்துக்கொண்டு விலக்கக்கூடிய வேலையாக இருக்கக் கூடாது. எதிர்மனுதாரர் அந்த நாற்காலியில் உண்மையிலேயே அமர்ந்திருக்க வேண்டும், நியமன அறிவிப்பு வந்தாலே போதாது. கடைசியாக, அந்த நியமனம் ஒரு சட்டத்தையோ சட்டவிதியையோ மீறியிருக்க வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் சரிவது கடைசி இடத்தில்தான். ‘இவரைவிடத் தகுதியானவர் இருந்தார்’ என்ற வாதம் இங்கே எடுபடாது. சட்டம் கேட்ட குறைந்தபட்சத் தகுதி இருந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. மனுவில் எந்த விதி, எந்த உட்பிரிவு, எந்தத் தகுதி இல்லை என்று வரிசையாக எழுதாமல் ‘முறைகேடு’ என்று பொதுவாக எழுதினால் முதல் விசாரணையிலேயே அடிபடும். மைசூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-ல் தந்த தீர்ப்பை அவசியம் படியுங்கள். வழக்கு ஆங்கிலத் துறையில் ரீடர் எனும் ஆசிரியர் பதவி பற்றியது என்பது நம் பகுதிக்குக் கூடுதல் பொருத்தம். உயர் நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்திருந்தது. கல்வித் தகுதியை எடைபோட்ட நிபுணர் குழுவின் முடிவில் எளிதாகக் கைவைக்கக் கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பொதுப் பதவியை யூசர்ப் செய்பவர்களிடமிருந்து மக்களைக் காப்பது இந்தப் பேராணையின் நோக்கம் என்ற விளக்கமும் அதில் இருக்கிறது.

மனுதாரர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. மக்களுக்குச் சொந்தமான நாற்காலி என்பதால் குடிமகன் எவரும் கேட்கலாம். பதில் சொல்லும் சுமை அமர்ந்திருப்பவருடையது.

அவர் வெளியேற்றப்பட்டால், இருந்த காலத்தில் போட்ட கையெழுத்துகள் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். 1981-ல் கோகராஜு ரங்கராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நியமனத்தில் குறை இருந்தாலும் சட்டப்பூர்வத் தோற்றத்தோடு பதவியில் இருந்தவரின் செயல்கள் செல்லும், ஏனென்றால் அவரை நம்பி வந்த பொதுமக்கள் நஷ்டப்படக் கூடாது. வெறும் ஊடுருவியோ யூசர்ப்பரோ அந்தப் பாதுகாப்பில் வரமாட்டார். ஆகவே அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது ‘யூசர்ப்பர்’ மைசூர் தீர்ப்பில் உள்ளதைவிடக் குறுகலான பொருளில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சொல், இரண்டு அளவு. விடைத்தாளில் இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

கேள்வி: பங்காளி எங்கள் வயலில் இரண்டு அடி வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் புகார் எழுத ‘யூசர்ப்’ போடலாமா?
(விவசாயி, திருவாரூர்)

‘என்க்ரோச்’ போடுங்கள், கூடவே ‘அப்பான்’ அல்லது ‘ஆன்’ வேண்டும். வரம்பு தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவது அது. உங்கள் உரிமைப் பத்திரத்தையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு அவரே உரிமையாளராக நடந்தால் ‘யூசர்ப்’ பொருந்தலாம். புகாரில் சொல்லைவிட சர்வே எண்ணும் அளவும் முக்கியம். தாமதிக்கவும் வேண்டாம்: தனியார் நிலத்தை எதிரிடையாக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தவர் அனுபவ பாத்தியதை கோர 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வழிவிடுகிறது. நாம் மேலே பார்த்த ரோமச் சட்டத்தின் இரண்டு ஆண்டுகள் இங்கே பன்னிரண்டு.

கேள்வி: ‘யூசர்ப்’புக்குப் பின் எந்த முன்னிடைச்சொல்? ‘அரசனை யூசர்ப் செய்தான்’ என்று ஆளைப் போடலாமா?
(ஆங்கிலம் கற்பிக்கும் வாசகி, கோவை)

நேராகச் செயப்படுபொருள், பிறகு தேவைப்பட்டால் ‘ஃப்ரம்’. ‘ரிச்சர்டு யூசர்ப்ட் த த்ரோன் ஃப்ரம் ஹிஸ் நெஃப்யூ.’ பழைய நூல்களில் ‘அப்பான்’ வரும், இன்று வேண்டாம். ஆளைப் போடுவதைச் சில அகராதிகள் ஏற்கின்றன. கண்டிப்பான ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார். ஆளைத் தள்ளிவிட்டு அவர் இடத்துக்கு வந்ததைச் சொல்ல ‘சப்ளான்ட்’, பதவி இறக்கியதை மட்டும் சொல்ல ‘டிபோஸ்’ இருக்கின்றன. ‘ஆரகேட்’ போட்டால் ‘டு ஹிம்செல்ஃப்’ என்று சேர்க்க மறக்காதீர்கள். யாரிடமிருந்து என்பதைவிடத் தனக்கென்று எடுத்துக்கொண்ட இறுமாப்புதான் அதில் முன்னே நிற்கும்.

கேள்வி: இதற்கு நல்ல தமிழில் ஒற்றைச் சொல் கிடையாதா?
(தமிழ் முதுகலை மாணவி, யாழ்ப்பாணம்)

‘வௌவுதல்’ இருக்கிறது, பழைய சொல், வலிந்து கவர்வது. ஆனால் வௌவியவன் நாற்காலியில் உட்கார்ந்தானா என்று அது சொல்லாது. எதிர்ப்பக்கத்தில் பார்த்தால் நமக்கு அருமையான சொல் ஒன்று உண்டு: தாயம், வாரிசுரிமை. பகைவர் சிறையிலிருந்து மீண்ட கரிகாலனைப் பட்டினப்பாலை ‘உருகெழு தாயம் ஊழின் எய்தி’ என்கிறது. ஊழ் இங்கே முறை. தனக்குரிய அரசுரிமையை முறைப்படி அடைந்தான். ‘ஊழின்’ என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யூசர்பேஷன். ஆகவே ‘தாயம் வௌவல்’ என்று ஒரு தொடர் கட்டலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இன்று தாயம் என்றால் பிள்ளைகள் கட்டையை உருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கட்டுரையில் எழுதினால் அடிக்குறிப்பு போட்டு எழுதுங்கள், செய்தித்தாளில் வேண்டாம்.